வலைக்குப் பின்னால்

எங்கள் ஊர் அணி காலிறுதியிலேயே தோற்றது. கோல்கீப்பர் ராயப்பனின் கால்களுக்கு நடுவே ஒரு பந்து, வழி கேட்டுக்கொண்டு போவதுபோல, மெதுவாக உருண்டு உள்ளே போனது. அவன் என் மனைவியின் தம்பி. அன்றிலிருந்து நான் அவனிடம் பேசவில்லை. ஒரே சட்டி மீன்குழம்பைச் சுவரைப் பார்த்தபடி இருவரும் சாப்பிட்டோம்.

இறுதி ஆட்டத்தன்று மைதானத்தின் இரு பக்கமும் இரண்டு ஊர்கள் உட்கார்ந்திருந்தன. எங்கள் அணியின் மஞ்சள் சட்டையோடு போன எனக்கு எங்கும் இடமில்லை. கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றேன். அங்கே ராயப்பன் நின்றிருந்தான், கையில் கிளவுஸோடு.

பந்து வரும்போதெல்லாம் அவனும் வலைக்கு வெளியே பாய்ந்தான். ஒவ்வொரு முறையும் சரியான பக்கம்.

“லேய், ஒங்க மேச்சு போன வாரமே முடிஞ்சிட்டு!” என்று யாரோ கத்தினார்கள். அவன் மணலைத் தட்டிவிட்டு மறுபடியும் குனிந்து நின்றான்.

ஆட்டம் சமநிலையில் முடிந்து, பெனால்டி உதைகள் தொடங்கின. உள்ளே நின்ற கோல்கீப்பர் இடது பக்கம் விழுந்தான். பந்து வலது பக்கம் போய், கோலுக்குக் கட்டியிருந்த பழைய மீன்வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ராயப்பன் தாவி அதை நெஞ்சோடு பிடித்தான்.

ரெஃப்ரி ஓடிவந்தார். “பந்தக் குடுப்பா, அடுத்தாளு அடிக்கணும்லா?”

அவன் கொடுக்கவில்லை. இரண்டு ஊர்களும் எழுந்து எங்களை நோக்கி நடக்கத் தொடங்கின. ராயப்பன் முதல்முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“குடுத்துராத மாப்ள” என்றேன்.