தெருத் தண்ணீர்

குழாயடியில் அன்று காலை இருந்தவர்கள் பேச்சியம்மாள், டெய்லர் சேவியர், தெரு வாட்ஸ்அப் குழுவை நடத்தும் சங்கரலிங்கம், மூவர்தான். “தண்ணீர் வந்துவிட்டது” என்று சங்கரலிங்கம் வழக்கம்போலக் குழுவில் போட்டார்.

“ஒங்க மக கோமதி நம்பர் இன்னும் குரூப்புல கெடக்கே அண்ணாச்சி. தில்லியில இருக்கவளுக்கு நம்ம தெருத் தண்ணி எதுக்கு?” என்றார் சேவியர்.

“எனக்கு ஏது மக? சொல்லாமக் கல்யாணம் முடிச்சுப் போன அன்னைக்கே தலைமுழுகியாச்சு.”

குடத்தைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தே நடந்தார்.

ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து, செய்தியைப் படித்தவர்களின் பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே போனார். கோமதி, 6.14. ஆறு வருடமாக ஒருநாளும் தவறியதில்லை. அதைப் பார்த்த பிறகுதான் காப்பி போட எழுந்தார்.

எண்ணை நீக்க அவருக்குத் தெரியாது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. வீடு மாறிப் போனவர்களை அன்றைக்கே நீக்கிவிடுபவர் அவர்தான்.