மறியலால் வந்த ஆள்

"அந்த ஆள் நிக்கிற இடத்தில நான் மெழுகுதிரி கொளுத்த மாட்டன்!"

கல்லறைத் தோட்டமான சேமக்காலையின் வாசலிலேயே நின்றுவிட்டார் மாப்பிள்ளையின் தாய் அன்ரனிட்டா. கலியாணத்துக்கு முதல்நாள், பெண்ணின் செத்துப்போன தகப்பனுக்கு மெழுகுதிரி கொளுத்திக் கும்பிட வந்த இடம் அது.

உள்ளே, சில்வெஸ்ரர் என்று பெயர் வெட்டிய கல்லறையைச் சுற்றி ஒரு தாடிக்காரர் புல்லுச் செருக்கிக்கொண்டிருந்தார். இடையில் எழுந்து ஆறடி நடந்தார். அங்கே சுவர் இருப்பதுபோலச் சட்டென்று திரும்பி, மறுபடி ஆறடி.

"மறியலால வந்தவனாம், கனகாலம் சிறையில கிடந்தவனாம், ஓட்டோக்காரன் சொன்னவன். ஊர்காவற்றுறையில ஒருத்தரும் இருக்க இடம் குடுக்கேல்லையாம். உந்தக் கொட்டிலுக்கதான் படுக்கையாம்" என்றார் அன்ரனிட்டா.

பெண்ணின் தாய் அல்போன்சம்மாவின் முகம் வெளிறியது. மூத்த மகனுக்குப் பேசி முடித்த பெண்ணை, அவளுடைய சித்தப்பன் மறியலில் இருந்தவன் என்று தெரிந்ததும் உதறித் தள்ளிய மனுசி இந்த அன்ரனிட்டா. கல்நெஞ்சுக்காரி.

"கூலிக்குப் பிடிச்ச ஆள், சம்பந்தி" என்றார் அல்போன்சம்மா அவசரமாக. பிறகு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "இந்தாரும், அங்கால தள்ளி நில்லும்!"

தாடிக்காரர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் போய் நின்றார்.

அரைமனதோடு கல்லறைக்கு வந்தார் அன்ரனிட்டா. "பாவம், கடலில போன மனிசன். உடம்பும் கிடைக்கேல்லை, என்ன?"

"ஓம். நெடுந்தீவில இருக்கேக்க நடந்தது. நாங்கள் இஞ்ச வந்தாப்பிறகு பேருக்குக் கட்டின கல்லறைதான் இது." அல்போன்சம்மாவின் குரல் நடுங்கியது. பதினாறு வருடம் போன பின்பும் இப்படி நடுங்குகிறதே என்று அன்ரனிட்டாவுக்கே இரக்கமாகிவிட்டது.

சோளகக் காற்றில் மெழுகுதிரி நூர்ந்து நூர்ந்து போனது. அன்ரனிட்டா குனிந்து, கையால் பொத்திப் பிடித்து, குச்சி குச்சியாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

பூக்கூடை மதிலடியில் இருந்தது. அதை எடுக்கப் போன மணப்பெண் ஜெனீற்றா, அந்த ஆளின் காலடியில் குனிந்தாள். அவர் பதறிப் பின்வாங்கினார்.

அவள் தலையை நிமிர்த்தி, மெல்லச் சொன்னாள்:

"அப்பா, கெதியா என்ர நெத்தியில சிலுவை போடுங்கோ, மாமி திரும்பிப் பாக்கப் போறா."