பாதித் தோசை

"சுகுமார்தான் எடுத்திருக்கணும் சார். வேற யாருக்கும் அந்த வண்டி மேல கோபம் இல்ல," என்றாள் ஜெயசீலி.

இரும்புலியூர் சர்வீஸ் ரோட்டில் அவளுடைய தோசை வண்டி நின்ற இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் பாதித் தோசையுடன் ஒருவர் நின்றிருந்தார்.

"போன் பேசத் திரும்பினேன்க்கா. அதுக்குள்ள காணோம். ரெண்டாவது தடவ சட்னிகூட வாங்கல."

லைசென்ஸ் கொடுக்க வந்த அதிகாரி ஸ்ரீநிவாசராகவன் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குள்ள நான் வண்டியை நேர்ல பாக்கணும்மா. இல்லன்னா இந்த இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும்."

"எட்டு வருஷமா உங்க ஜீப்புக்குப் பயந்து ஒளிஞ்சு ஒளிஞ்சு கடை போட்டேன் சார். இந்த லைசென்ஸ் வந்தாத்தான் ரெண்டாவது வண்டி போட முடியும்."

காணாமல் போன வண்டி பேட்டரியில் தானே ஓடும். தோசையை ஒரு ரோபோ கை ஊற்றும். மாஸ்டர் சுகுமார் செய்ததையெல்லாம் மூன்று மாதம் கேமராவில் பார்த்து வண்டி அப்படியே கற்றுக்கொண்டது. கல்லில் தண்ணீர் தெளிக்கும், வெங்காயத்தால் தேய்க்கும், நடுநடுவே நெற்றி வியர்வையை வழித்து உதறும். அதற்கு நெற்றி கிடையாது.

போன மாதம் சுகுமாரை ஜெயசீலி வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள்.

போன் செய்த பத்தாவது நிமிடம் அவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"வண்டி எங்க மாஸ்டர்?"

"என்னை இன்னாத்துக்கும்மா கேக்குற? வேலைய வுட்டுத் தூக்குனதும் நீ, திருடன்னு சொல்றதும் நீயா?"

காலி இடத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரியின் ஜீப்பைப் பார்த்தார். "இது எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான். சாரைக் கூட்டிட்டு வர நான் தாம்பரம் போயிருந்தேன். ரெண்டு பேரும் வந்து இறங்கினா, வண்டி இல்ல."

சுகுமார் சிரித்தார். "எங்க கீதுன்னு எனக்குத் தெரியும். சர்ச்சுக்குப் பின்னாடி, மாவு மில்லு சந்துல."

"பாத்தீங்களா சார், அவர் வாயாலயே வந்துடுச்சு," என்றாள் ஜெயசீலி.

"ஏறும்மா, போய்ப் பிடிச்சுடலாம்," என்று அதிகாரி ஜீப் கதவைத் திறந்தார்.

சுகுமார் அதை மெதுவாகச் சாத்தினார்.

"நடந்தே போலாம் சார். ஜீப்பப் பாத்தா மறுபடியும் ஓடிடும்."