கொஞ்சும் குரல்

ஒரு கணினிப் புதிர் விளையாட்டில், ஆளைக் கண்டால் பேசி, கிட்ட வந்ததும் தானாகவே சுடும் துப்பாக்கிகளுக்குக் குரல் கொடுத்தவள் சுகந்தி. "யாரது? கிட்ட வா, முகத்தைக் காட்டு" என்று கொஞ்சலாகப் பேசச் சொன்னார்கள். நிஜத் துப்பாக்கி செய்பவர்கள் பிறகு அந்தக் குரலை வாங்கிக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

ஒரு நாள் மாலை பக்கத்துக் கிடங்கின் கம்பிவேலிக்குள் பந்து விழுந்தது. அதை எடுக்க அவளுடைய ஐந்து வயது மகள் நறுமுகை வேலி இடுக்கில் நுழைந்துவிட்டாள். கிடங்கு வாசலில் காவலுக்கு வைத்திருந்த தானியங்கித் துப்பாக்கி மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

"யாரது? கிட்ட வா, முகத்தைக் காட்டு."

"அம்மா!" என்று சிரித்தாள் குழந்தை.

"அது நான் இல்லடி! அசையாம நில்லு!" வேலிக்கு வெளியிலிருந்து அலறினாள் சுகந்தி.

அம்மா இப்படி அலறி நறுமுகை கேட்டதே இல்லை. மிரண்டுபோய், கொஞ்சலாகக் கூப்பிட்ட குரலைப் பார்த்து ஓடினாள்.