ஆளுக்கொரு கேள்வி

"உந்த மனிசனை உமக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?" எட்வேட் மனைவியிடம் திரும்பவும் கேட்டான்.

"எத்தினை தரம் சொல்லுறது? மூண்டு மாசமா. அதுவும் ஃபோனிலைதான்," என்றாள் நிரோஷினி, லாப்டொப்பைத் திறந்தபடி.

கனடாவில், மில்லிக்கனில் அவர்கள் வீட்டுச் சமையலறை மேசை முழுக்க சாட் நாட்டின் வரைபடங்கள். ஆபிரிக்காவின் நடுவில், எந்தப் பக்கம் போனாலும் கடல் இல்லாத நாடு. அதன் கிழக்கு எல்லையில் கழுதையில் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கிற ஒரு மருத்துவிச்சியைப் பற்றி நிரோஷினி ஆவணப்படம் எடுக்கப்போகிறாள். கமராவுக்கு றோய். அங்கே வண்டி ஓட்ட, வழிகாட்ட, மொழிபெயர்க்க, எல்லாவற்றுக்கும் மஹமத் என்ற ஒரே ஆள்.

அடுத்த கிழமை பயணம். எட்வேட்டுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

"போன கிழமை ரோட்டை மாத்தவேணும் எண்டவன். நேற்று, எத்தினை மணிக்கு வந்து இறங்குவியள், என்ன சாமான் கொண்டுவாறியள் எண்டு கேக்கிறான். ஏன் உதெல்லாம் அவனுக்கு?"

"வண்டியிலை ஏத்தவேணுமெல்லே அப்பா."

"உங்களைக் கொண்டுபோய் ஆரிட்டையும் வித்தாலும் எங்களுக்குத் தெரியவராது. நான் விளையாட்டுக்குச் சொல்லேல்லை, நிரோஷி."

அவள் வீடியோ அழைப்பைத் தொடக்கினாள். அவளுக்கும் பயம்தான். அதைக் காட்டினால் அவன் போகவே விடமாட்டான்.

திரையில் மூன்று முகங்கள் வந்தன. அவர்கள் வீட்டுக்குத் தூரமில்லாத வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்ற்றில் இருந்து றோய். சாட்டின் அபேஷே நகரத்தில் இருந்து மஹமத். நடுவில், இன்சூரன்ஸ்காரர் ஏற்பாடு செய்த பாதுகாப்பு ஆலோசகர், ஒரு வெள்ளைக்காரப் பெண். எட்வேட் கமராவில் படாமல் மனைவிக்குப் பக்கத்தில் இருந்தான்.

தண்ணீர், மருந்து, சற்றலைற் ஃபோன் எல்லாம் பேசி முடிந்தது. ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இங்கிலிஷில் சொன்னார்.

"இனிச் சொல்வது கேட்க நன்றாக இருக்காது. உங்களை யாராவது கடத்தினால் எங்களுக்கு ஒரு ஃபோன் வரும். ஆள் கையில் இருக்கிறார் என்று எவரும் சொல்லலாம். நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்களா என்று அறிய நாங்கள் ஒரு கேள்வி கேட்போம். வெளியாட்கள் எவருக்கும் பதில் தெரிந்திருக்கக்கூடாது. ஆளுக்கொரு கேள்வி இப்போதே வேண்டும்."

எட்வேட் கதிரையை மனைவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டான்.

"நான் சின்ன வயதில் முதல் நன்மை வாங்கிய அன்று மாதா கோயிலில் என்ன நடந்தது?" என்றான் றோய். "அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். நான் பீடத்துக்கு முன்னால் நின்று..."

"பதிலை இங்கே சொல்லவேண்டாம். பிறகு எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நிரோஷினி?"

நிரோஷினி யோசித்துப் பார்த்தாள். படித்த பள்ளிக்கூடம், பிடித்த சாப்பாடு எல்லாம் ஃபேஸ்புக்கில் கிடந்தன.

எட்வேட் அவளுடைய கையைப் பிடித்தான். "எங்கட முதல் பிள்ளைக்கு என்ன பேர் வைக்க இருந்தனாங்கள் எண்டு கேக்கச் சொல்லும்," என்றான் மெல்ல.

அந்தப் பிள்ளை பிறக்கவில்லை. உண்டாகியிருந்ததைக்கூட அவர்கள் எவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

நிரோஷினி அதை இங்கிலிஷில் சொன்னாள்.

"நன்றி," என்றார் ஆலோசகர். "அப்போ கேள்விகள் முடிந்தன."

எட்வேட்டால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஒரு நாள் ஃபோன் அடிக்கும். துவக்கோடு நிற்கிற எவனோ ஒருத்தன் அந்தப் பேரைத் தன் வாயால் சொல்லுவான். எட்வேட் லாப்டொப்பைத் தன் பக்கம் இழுத்தான்.

"மஹமத், நான் நிரோஷினியின் கணவன். நேராகவே கேட்கிறேன். வழியில் யாராவது மறித்தால் என்ன செய்வீர்கள்? இவர்களை விட்டுவிட்டு ஓடிவிடுவீர்களா?"

"என்னப்பா நீங்கள்!" நிரோஷினி பதறினாள்.

மஹமத்துக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. சொற்களைத் தேடித் தேடி இங்கிலிஷில் பேசினார்.

"எங்கே ஓடுவது, ஐயா? பிடித்தால் மூன்று பேரையும் சேர்த்துத்தான் பிடிப்பார்கள்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "நானும் ஒன்று கேட்கலாமா?"

"கூலியைக் கூட்டப்போறான், பாரும்," எட்வேட் தமிழில் முணுமுணுத்தான்.

"வண்டியில் போவது மூன்று பேர். நீங்கள் இரண்டு கேள்விதானே வாங்கினீர்கள்?"

ஆலோசகர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "இந்த இன்சூரன்ஸ் கனடாவில் இருந்து போகிற இரண்டு பேருக்கு மட்டும்தான். உள்ளூர் ஆட்கள் அதற்குள் வரமாட்டார்கள்."

றோய் குனிந்துகொண்டான். நிரோஷினி திரையில் மஹமத்தைப் பார்த்தாள். மூன்று மாதமாக அந்த மனிதரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். ரோட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாள், பெற்றோலைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அவருக்குக் குடும்பம் இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"தயவுசெய்து கோபிக்கவேண்டாம்," என்றார் மஹமத். "நல்ல ஆட்கள், ஒன்றும் நடக்காது என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். என் மனைவி இங்கே பக்கத்தில்தான் இருக்கிறா. உங்களை நம்பி என்னை அனுப்ப அவவுக்குப் பயமாக இருக்கிறதாம்."