பிளேடு மாற்றிய காலை

கூப்பிடாமலே வந்து நின்றான் தம்பி, தன் டிராக்டரோடு.

அண்ணன் அப்போதுதான் புல் வெட்டும் இயந்திரத்தின் மேல் கிடந்த தார்ப்பாயை உருவிக்கொண்டிருந்தார். இருவருக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. பாகம் பிரித்தபோது டிராக்டர் தம்பிக்குப் போனது. அதன் பின்னால் மாட்டி ஓட்டும் இந்த இயந்திரம் அண்ணனுக்கு வந்தது. ஒன்றில்லாமல் இன்னொன்று வெறும் இரும்புதான் என்று தெரிந்தும் இரண்டு பேரும் இறங்கி வரவில்லை.

“பிளேடு மாத்தப் போறீங்களாமே. இதுல மாட்டிக்குங்க,” என்றான் தம்பி.



அண்ணனின் மனைவி சமையலறை ஜன்னலுக்கு வந்து பார்த்தாள். கணவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது சொம்பைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: “ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதா, ஆட்டுக்குத்தான் ஆபத்து. பாத்துக்குங்க.”

அவள் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

வேண்டாம், போ என்று சொல்லிவிடலாம். பத்து மணிக்கு வாடகை டிராக்டர் வருவதாகப் பேச்சு. ஆனால் பழத்தோட்டத்தில் புல் இடுப்பளவு நிற்கிறது. வாடகை டிராக்டரில் மாட்டி ஓட்டியும் தேய்ந்த பிளேடு ஒரு வாரமாகப் புல்லை வெட்டவில்லை, மென்று துப்பிக்கொண்டிருந்தது. வீட்டு வாசலில் நிற்கும் டிராக்டரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை.

மாட்டினார்கள். தம்பி டிராக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த நெம்புகோலைத் தூக்கினான். ஒரு ஆள் மல்லாந்து நுழையும் அளவுக்கு இயந்திரம் மேலே எழுந்து நின்றது.

தம்பி வண்டியிலிருந்து நாலு மரக்கட்டைகளை இறக்கினான். புதிதாக அறுத்தவை. நாலு மூலைக்கும் அடியில் ஒவ்வொன்றாகக் கொடுத்தான்.

அண்ணன் ஒவ்வொரு கட்டையையும் குதிகாலால் உதைத்துப் பார்த்தார். விரிசல் இருக்கிறதா என்று குனிந்து தடவினார். போய் டிராக்டரின் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தம்பி அதைப் பார்த்தான்.

சாவி இல்லாவிட்டாலும் நெம்புகோலை இறக்கினால் மேலே நிற்கும் எடை மொத்தமும் கட்டைகள்மேல் வந்து விழும்; ஒன்று நழுவினாலும் அடியில் இருப்பவன் நசுங்குவான். அது அண்ணனுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

படுத்து உள்ளே நகர்ந்தார்.

பிளேடின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தது. துருவேறிய நட்டு அசைய மறுத்தது. ஸ்பானரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்து இழுத்தார். கிரீச்சென்று கால் சுற்று கொடுத்தது.

அங்கே படுத்தபடி பார்த்தால் தம்பியின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை.

இவன் ஏன் வந்தான்?

இயந்திரத்தையும் கேட்கப் போகிறானா? இல்லை, பேசாமல் இருந்து பேசாமலே கணக்குத் தீர்க்கிற ஆளா? சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அடித்தால் அழமாட்டான். பார்த்துக்கொண்டே நிற்பான்.

கால்கள் நகர்ந்தன.

டிராக்டர் சீட்டுப் பக்கம் போயின. ஒரு கால் படியில் ஏறியது. இன்னொன்றும் ஏறி மறைந்தது.

மேலே இரும்பு இரும்பைத் தொடும் சத்தம் கேட்டது.

அண்ணன் ஸ்பானரைப் போட்டுவிட்டு, முழங்கைத் தோல் உரிய உரிய வெளியே புரண்டு வந்தார்.

“அங்க என்ன பண்றே?”

தம்பி கட்டுக்கம்பியால் நெம்புகோலைச் சட்டத்தோடு சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தான். கடைசி முறுக்கையும் இடுக்கியால் இறுக்கிவிட்டுத்தான் திரும்பினான்.

“தவறிக்கூட யாரு கையும் பட்டுடக் கூடாதுல்ல,” என்றான்.

கம்பி அசையவில்லை. அண்ணனே இழுத்துப் பார்த்தார். அப்போதும் நம்பிக்கை வரவில்லை. இத்தனை ஜாக்கிரதை எதற்கு என்றுதான் தோன்றியது.

முதல் பிளேடை மாற்றி முடித்தார். எதிர்ப்பக்கத்துப் பிளேடு மிச்சம். இரண்டையும் ஒன்றாக மாற்றாவிட்டால் இயந்திரம் உதறும்.

“நீங்க எந்திரிங்க. இத நான் பாக்கறேன்.”

தம்பி ஸ்பானரை எடுத்துக்கொண்டு படுத்து உள்ளே போனான். கட்டைகளை உதைத்துப் பார்க்கவில்லை. அண்ணன் எங்கே நிற்கிறார் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அண்ணனுக்கு அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கேட்டுவிட்டார்.

“எதுக்குடா வந்தே?”

அடியிலிருந்து நட்டு திருகும் சத்தம் கொஞ்ச நேரம் வந்தது. பிறகு நின்றது.

“வாடகை டிரைவர சீட்டுல உக்கார வச்சிட்டு நீங்க அடியில படுக்கப் போறீங்கன்னு சொன்னாங்க. முன்ன பின்ன தெரியாத ஆளு. கீழ பாப்பானோ மாட்டானோ.”

பழைய பிளேடு புல்லில் வந்து விழுந்தது. புதியதை வாங்கக் கை ஒன்று வெளியே நீண்டது.

அந்தக் கையில் மூன்று விரல்கள் இருந்தன.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே இயந்திரத்தில் மற்ற இரண்டு விரல்களும் போனபோது, அவன் கட்டை வைக்காமல் கையை உள்ளே விட்டுவிட்டான், எல்லாம் அவன் அலட்சியம் என்று அப்பாவிடமும் டாக்டரிடமும் ஊராரிடமும் சொன்னது அண்ணன்தான். அன்றைக்குச் சீட்டில் உட்கார்ந்து, கீழே குனிந்து பார்க்காமல், நெம்புகோலை இறக்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பியும் சொல்லவில்லை. பாகம் பிரித்த அன்றைக்குக்கூடச் சொல்லவில்லை.

நீண்ட கை காத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் மண்டியிட்டு உட்கார்ந்தார். பிளேடின் கூர்ப்பக்கம் தன் உள்ளங்கையில் இருக்கும்படி திருப்பிப் பிடித்து, அந்தக் கையில் கொடுத்தார்.