வெண்ணெய் தடவாத டின்

"ஒரு டின்னுக்கு வெண்ணெய் தடவினதுக்கா இந்தக் கத்து கத்துற?" மேரிக்கு முகம் சிவந்துவிட்டது.

அல்போன்சா நாத்தனார் கையிலிருந்த கேக் டின்னை வெடுக்கென்று பிடுங்கி அடுக்களை மூலையில் போட்டாள். பரணிலிருந்து புத்தம்புது அலுமினியக் கிண்ணம் ஒன்றை இறக்கி, அதில் எண்ணெய் தடவினாள்.

மேரியின் தம்பி ஆண்டனியின் மகன் நோயலுக்கு அன்று பிறந்தநாள். அவள் அதற்காகவே கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் ஒக்கலிபுரத்துத் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். வந்ததிலிருந்தே ஒன்றும் சரியில்லை.

அவர்கள் வீட்டில் கேக் என்றால் மாவை வீட்டில் குழைத்து, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கே அடுப்பில் வேகவைத்து வாங்குவதுதான் வழக்கம். அல்போன்சாவோ குக்கருக்குள் மணலைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"பேக்கரிக்குப் போகல?"

"வேணாம் அண்ணி. வீட்லயே போதும்."

"முட்டை எங்க?"

"போடல. பாலும் இல்ல."

"அப்புறம் என்னத்ததான் போட்ட?"

"மைதா, சர்க்கரை, எண்ணெய், டிகாக்‌ஷன்ல ஊறவச்ச பேரீச்சம்பழம். சோடா மாவு பொங்கறதுக்குக் கொஞ்சம் வினிகர்."

"கேக் சுடறியா, ஊறுகாய் போடறியா?"

மேரி விறுவிறுவென்று தம்பியிடம் போனாள். "உன் பொண்டாட்டிக்குக் கை இறுகிப்போச்சுடா. கிறிஸ்மஸுக்கு ஒரு டஜன் முட்டை உடைச்சவ, பெத்த புள்ள பொறந்தநாளுக்கு வினிகர் ஊத்தறா!"

"காரணம் இல்லாம செய்யமாட்டாக்கா" என்று ஆண்டனி நழுவினான். பொண்டாட்டியை விட்டுக்கொடுப்பானா?

சாயங்காலம் தெருப் பிள்ளைகள் கூடின. நோயல் மெழுகுவத்தியை ஊதினான். பழுப்பாக, மொட்டையாக இருந்த கேக்கைப் பார்த்து ஒரு பெண் குழந்தை கேட்டே விட்டது. "க்ரீம் இல்லையா ஆண்டி?"

மேரிக்கு மானமே போயிற்று.

மாடி வீட்டுச் சிறுமி கிருத்திகா கையில் சின்ன டிபன் டப்பாவோடு கதவோரம் நின்றிருந்தாள். அல்போன்சா அவளைக் கூப்பிட்டு நோயலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஒரு துண்டைத் தட்டில் வைத்தாள்.

"நானா? சாப்பிடலாமா ஆண்டி?"

"சாப்பிடு கண்ணு."

கிருத்திகா ஒரு கடி கடித்தாள்.

"கிருத்தி! துப்பு! துப்புடி!"

வாசலில் அவள் அப்பா சந்தானம். பொம்மசந்திரா கம்பெனி யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை. பாய்ந்து வந்து தட்டைத் தட்டிவிட்டார். குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினார்.

"விவரம் தெரிஞ்ச நீங்களே இப்படிச் செய்யலாமா? பால், முட்டை பட்டாலே இவளுக்குத் தொண்டை வீங்கிடும்! போன தடவை ஒரு வாய் பாயசத்துக்கு மூச்சு நின்னு ஆட்டோல தூக்கிட்டு ஓடினோமே! இவ அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கா. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

 

மேரிக்கு நினைவு வந்தது. காலையில் அவள் தடவிய வெண்ணெய்! சட்டென்று அடுக்களையை எட்டிப் பார்த்தாள். அந்த டின் மூலையில் வெண்ணெயோடு அப்படியே கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"அண்ணா, பயப்படாதீங்க" என்றாள் அல்போன்சா. "இதுல பால், முட்டை, வெண்ணெய் எதுவும் இல்ல. பேக்கரி ட்ரேல வெண்ணெய் ஒட்டியிருக்கும்னுதான் வீட்லயே சுட்டேன். உங்க வீட்டம்மா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி என்னென்ன சேர்க்கலாம்னு அவங்ககிட்ட ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டேன். காலையில உங்ககிட்ட சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்க கம்பெனி பஸ் ஏறிட்டீங்க."

சந்தானம் மகளின் உதட்டைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

"அப்பா, இன்னொரு துண்டு சாப்பிடட்டா?"

அவர் தரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேரி அல்போன்சாவை ஓரமாக இழுத்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா எல்லாரும் ஐயோ பாவம்னு அவளையே பார்ப்பாங்க அண்ணி."

"அது சரி. அவளுக்கு மட்டும் தனியா ஒண்ணு சுட்டுட்டு, நம்ம புள்ளைக்கு நல்ல கேக்கா செஞ்சிருக்கலாமேடி? அவன் பொறந்தநாள்தானே?"

"போன வருஷம் அவளுக்கு மட்டும் தனியா பிஸ்கட் குடுத்தேன். கதவோரமா தனியா உக்காந்து தின்னா. இந்த வருஷம் பொறந்தநாளுக்கு என்னடா வேணும்னு நோயலைக் கேட்டேன்."

"என்ன கேட்டான்?"

"'கிருத்தி சாப்பிடற கேக்கு'ன்னான்."